சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம்

எங்கள் இணையதளத்தின் உதவி எண்ணுக்கு வருகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "எங்கேயிருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?" ஆறு சீசன் ஓடிய விண்வெளித் தொடரை முதல் எபிசோடிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது இவர்களுக்கு எப்படித் தோன்றாமல் போகிறதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் பொறுமையாக "முதலிலிருந்து" என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்புவேன். அதற்கு மேல் எழுதினால் என் கை என் பேச்சைக் கேட்காது.

ஓமலூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பது என் வேலை. கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் பெயர் கேட்டு எழுதி, டோக்கன் கொடுத்து, "வலிக்குமாங்க?" என்பதற்கு "வலிக்கவே வலிக்காதுங்க" என்று கூசாமல் பொய் சொல்லி அனுப்புவேன். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த மூன்று மணி நேரமும் எனக்கும் என் டிபன் பாக்ஸுக்கும் எங்கள் இணையதளத்துக்கும் சொந்தம்.

அந்தத் தொடர் தமிழ் பேசத் தொடங்கிய பிறகு அதற்குப் பைத்தியமானவர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து கட்டிய தளம் அது. எந்தக் கப்பலில் யார் யார், எந்தக் கோளில் என்ன குடிப்பார்கள், யார் எத்தனை தரம் செத்துப் பிழைத்தார்கள் எல்லாம் தனித்தனிப் பக்கமாக இருக்கும். தேடிக் கிடைக்காதவர்களுக்கு வழிகாட்ட ஓர் உதவி எண். அதற்கு நான் பொறுப்பு. ஒருவர் நிலவில் மேயும் அந்தப் பழுப்பு மிருகம் மேச்சேரி ஆட்டு ரகமா என்று கேட்டார். கிண்டல் செய்யலாமென்று அந்த எபிசோடைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், அசல் மேச்சேரி ஆடேதான், கொம்புகூட இல்லை. இன்னொருவர் கேப்டனின் நட்சத்திரம் கேட்டார். அவர் எல்லா நட்சத்திரத்துக்கும் போய்வந்தவர் என்று எழுதினேன். அதன் பிறகு அவர் வரவில்லை.

தளத்தில் என்னைவிட அதிகம் எழுதியவள் ஒரு கல்லூரிப் பெண். நேரில் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், சொந்த ஊர் திருச்செங்கோடு, என்னை "அக்கா" என்பாள், அவ்வளவுதான் தெரியும். தொடரைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவாள். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் "சாப்பிட்டீங்களாக்கா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

போன வருடம் எங்களுக்கு ஒரு திருடன் வாய்த்தான். நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதை இன்னொரு தளம் அப்படியே எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. கேட்டால், தாங்களே தொடரைப் பார்த்து எழுதியதாகச் சாதித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று இரண்டு பேருக்கு டோக்கனை மாற்றிக் கொடுத்துவிட்டேன்; பல் பிடுங்க வேண்டியவருக்கு டாக்டர் சுத்தம் செய்யப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, பொறி வெச்சிரலாமா?" என்றாள் அந்தப் பெண்.

தொடரில் இல்லாத ஒரு பொய்யை நாங்களே ஒரு பக்கத்தில் நுழைத்துவிடுவது, அது அவர்கள் தளத்திலும் வந்தால் கையும் களவுமாகப் பிடிப்பது. இதுதான் திட்டம். என்ன பொய் என்பதையும் அவளே எழுதினாள். மூன்றாவது சீசனில் செம்மண் கோளில் குடியேறியவர்கள் தண்ணீருக்கு ஆழ்துளை போடுவார்கள். அந்த நீளமான பக்கத்தில், குழாய் அளவு, பாறை வகையெல்லாம் தாண்டி, கொட்டாவி விடாமல் யாரும் போய்ச்சேர முடியாத ஓர் இடத்தில் இப்படி ஒரு வரி: "துளையிடும் வண்டி கிளம்புமுன் குடியேறிகள் அதன் முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குவார்கள்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேற்றுக் கோளில் எலுமிச்சம்பழமாம்! படிக்கிற எவனுக்கும் இது பொய்யென்று உடனே உறைக்குமே என்றேன். "படிச்சாத்தானேக்கா, அவங்க படிக்காமயே காப்பி அடிக்கறவங்க" என்றாள். மூன்றே நாளில் பழம் அந்தத் தளத்தில் முளைத்தது. பெரிய மனது பண்ணி ஒரு வாரம் மட்டும் அவர்களைக் கேலி செய்தோம். பொறியை எடுக்காமல் அப்படியே விட்டுவைத்தோம்.

அதன் பிறகு ஒரு மதியம், உதவி எண்ணுக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் கம்ப்ரசர் இரைச்சல் காதைப் பிளந்தது.

"ஏனுங் அம்மிணி, நான் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில டிரில்லருங்க. வடக்க ஒரு காட்டுக்குள்ள தண்ணிக்குப் போர் போட்டுட்டுக் கெடக்கறமுங்க. இந்தத் தொடரைப் பார்க்காமயே பார்த்த மாதிரி பேசோணும். அதுக்கு எந்தப் பக்கமுங்க படிக்கோணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திருடனைப் பிடித்த சூடு இன்னும் ஆறவில்லை, அதற்குள் அடுத்தவரா? "அண்ணா, பார்க்காம பார்த்தேன்னு சொல்றது ஏமாத்துங்க" என்று பதில் போட்டேன்.

"ஆமாங்க, ஏமாத்துத்தானுங்க" என்றார் அவர், மறுப்பே சொல்லாமல். "இங்க படம் ஓடறதுக்கு சிக்னல் எடுக்காதுங்க. எழுத்துன்னா வண்டி மேல ஏறி நின்னா வந்துருது. மழைக்கு வேலை நின்னு வண்டி ஊருக்கு வருதுங்க, எங்க புள்ளையும் லீவுக்கு வருது. அதுக்குள்ள நான் தேறோணும்."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. போன மழைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மகள் தொடரின் கடைசி எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவர் "இந்தப் பொம்மை நாடகத்துல என்ன இருக்குது" என்று டிவியை அணைத்துவிட்டார். "நீங்க ஒரு எபிசோடாச்சும் பார்த்திருக்கீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அன்று எழுந்து உள்ளே போனவள்தான். வருடம் ஓடிவிட்டது. போன் செய்தால் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று இரண்டே பதில், அப்புறம் போனை வைத்துவிடுவாளாம்.

"ஒரே புள்ளைங்க. வருஷத்துல எங்கண்ணுல படறதே ஒன்றரை மாசம். இந்தத் தடவையும் பேசலீன்னா அப்புறம் எப்பங்க பேசும்?" என்றார். கம்ப்ரசர் நின்றுவிட்டிருந்தது. அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

அதற்கு மேல் நியாயம் பேசாமல் சொல்லித்தர ஒப்புக்கொண்டேன். திருச்செங்கோட்டில் தடுக்கி விழுந்தால் ரிக் வண்டிமேல்தான் விழ வேண்டும், அதனால் இவர் யார் வீட்டு அப்பா என்று யோசிக்கவும் இல்லை. தினம் பத்துப் பக்கம் என்று பாடம் கொடுத்தேன். மறுநாள் மதியம் கேள்வி கேட்பேன். தப்பாகச் சொன்னால் திரும்பப் படிக்க வேண்டும்.

அப்படி ஒரு மாணவனை எந்தப் பள்ளிக்கூடமும் பார்த்திருக்காது. கேப்டனை "மேனேஜர்" என்பார். கப்பலின் பெரிய எஞ்சினுக்கு "கம்ப்ரசர்" என்றே பெயர் வைத்துவிட்டார். வில்லன் மூன்று கிரகங்களைக் கொளுத்தியதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அவன் தன்கூட வேலை செய்கிறவனைச் சோறு போடாமல் அனுப்பியதாக ஒரு பக்கத்தில் படித்துவிட்டு இரண்டு நாள் கொதித்துக்கொண்டிருந்தார். பல்லைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர், காதில் மாட்டிய கருவியோடு நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேனென்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

செம்மண் கோளுக்கு வந்ததும் என் மாணவர் வாத்தியாராகிவிட்டார். "குழிக்குக் காப்பா கேசிங் பைப் எறக்காம இப்புடி ஓட்டுனா மண்ணு சரிஞ்சு ராடு மாட்டிக்குமுங்க, யாருங்க இதை எழுதுனது?" என்றார். தொடரில் அப்படித்தான் என்றேன். "அப்ப அவனுகளுக்குத் தொழில் தெரியலீங்க" என்று தீர்ப்புச் சொன்னார். அப்புறம் குரல் கனிந்தது. "ஆனா அம்மிணி, ஒண்ணு சரியா காட்டிருக்கறானுங்க. வண்டி கெளம்பறப்ப எலுமிச்சம்பழம் வெக்கறான் பாருங்க. அதுதானுங்க மொறை. இந்தத் தொடர்லயே நம்பற மாதிரி இருக்கறது அது ஒண்ணுதான்."

உலகத்தில் யார் படித்தாலும் பொய்யென்று தெரிகிற அந்த ஒரு வரி, இந்த ஒரு மனுஷருக்கு மட்டும் சத்தியமாகிவிட்டது. அவர் வண்டியை எடுக்கிறபோதெல்லாம் செய்வது அதுதானே. அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குறும்புதான், வேறு காரணம் ஒன்றுமில்லை. தொடரைக் கரைத்துக் குடித்த மகள் இவரிடம் போய்ப் பழத்தைப் பற்றியா கேட்கப்போகிறாள் என்று நினைத்து, வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

மழை தொடங்கியது. வண்டி ஊர் வந்து சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து மதியம் அவர் பதிவு வந்தது. இந்தத் தடவை பின்னால் காகம் கரைகிற சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி. குரலில் மட்டும் தெம்பே இல்லை.

"அம்மிணி, சோறு உங்கறப்ப புள்ளகிட்ட நானாத்தான் பேச்செடுத்தேனுங்க. தொடர் முழுசும் பார்த்துப்போட்டேன் சாமின்னு சொன்னேன். நம்பாம மூணு கேள்வி கேட்டுது. மூணுக்கும் டக்கு டக்குன்னு சொல்லீட்டனுங்க. மொகம் லேசா தெளிஞ்சுது. சரீன்னு நான் சும்மா இருந்திருக்கோணும். எனக்கு ரொம்பப் புடிச்சது அந்த எலுமிச்சம்பழந்தான்னு சொன்னேனுங்க. அப்புடியே என்னைப் பார்த்துது. பாதிச் சோத்துல கையைக் கழுவிட்டு எந்திரிச்சு உள்ள போயிருச்சுங்க. கதவைச் சாத்திக்கிச்சு. நான் ஏதாச்சும் தப்பா சொல்லீட்டனுங்களா?"

ஒரு மனுஷன் வண்டி மேல் ஏறி நின்று படித்த அத்தனையையும் என் குறும்பு ஒரு வாய்ச் சோற்றில் கவிழ்த்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. தப்பு உங்களுடையது இல்லை என்று எழுதத் தொடங்கினேன். அப்போது கல்லூரிப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது.

"ஏனுங்க்கா, பொறியில ஆள் மாட்டிருச்சு."

"அந்தத் திருட்டு சைட்டா? மறுபடியுமா?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"இல்லீங்க்கா. எங்கப்பா."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து அவளே கூப்பிட்டாள். அதுவரை எழுத்தில் மட்டும் தெரிந்தவளின் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன், அதுவும் அழுகையோடு. தொடரில் எங்கேயும் பழம் இல்லை, ஆகவே அவர் ஓர் எபிசோடுகூடப் பார்க்கவில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கோபத்தோடுதான் எழுந்து போயிருக்கிறாள். கதவைச் சாத்திய பிறகுதான் மற்றது உறைத்திருக்கிறது.

"அந்த வரிக்கு யாருமே போய்ச்சேர முடியாதுன்னுதானேக்கா அங்க வெச்சோம்? அங்க வரைக்கும் படிச்சிருக்காருங்க்கா. நான் எழுதினது எல்லாத்தையும் ஒரு வரி விடாம படிச்சிருக்காரு. பேப்பர்ல தலைப்பு மட்டும் பார்க்கற மனுஷன்."

பிறகு எனக்குத் தோன்றியதைக் கேட்டேன். எத்தனையோ பொய் இருக்க, எலுமிச்சம்பழம் ஏன்?

"சின்ன வயசுல இருந்து அவரு கெளம்பறப்ப அதைத்தானேக்கா பார்த்திருக்கேன்," என்றாள். "பழம் நசுங்கினா அப்பா போயாச்சுன்னு அர்த்தம். வேற என்ன எழுதறதுன்னு எனக்குத் தோணவே இல்ல."

நானும் என் பங்கை ஒப்புக்கொண்டேன். அவருக்குப் பாடம் எடுத்தது நான்தான், பழத்தைப் பற்றித் தெரிந்தும் சொல்லாமல் விட்டதும் நான்தான் என்றேன். திட்டுவாளென்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "கேப்டனை மேனேஜர்ங்கறாருங்க்கா. அதை நீங்க திருத்தக் கூடாதா?" என்றாள். பிறகு, கதவைத் திறக்கப் போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மழை முடிந்து வண்டிகள் கிளம்பத் தொடங்கிய நாளில் அவரிடமிருந்து கடைசியாக ஒரு பதிவு வந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, புள்ள எல்லாஞ் சொல்லிருச்சுங்க. நீங்க ரெண்டு பேருஞ் சேந்து வெச்ச பொய்யாமா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவர் பார்க்கப் போவதில்லை என்றாலும். "அப்ப அவனுக பழம் வெக்காமயா போர் போட்டானுக? அதாம் பாருங்க, மொத குழியில தண்ணி வரல."

தொடரில் முதல் குழியில் தண்ணீர் வராதது நிஜம்தான். அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னைக்குப் பழத்தைப் புள்ளதானுங்க வெச்சுது. நாந்தான் வண்டிய எடுக்காம செத்த நேரம் நின்னுட்டேன்," என்றார். "போன்ல எல்லா எபிசோடும் எறக்கிக் குடுத்திருக்குதுங்க, சிக்னல் வேண்டாமாமா. தெனம் ஒண்ணு பார்த்துப்போட்டு அதுகிட்டப் பேசோணுமாமா. அதானுங்க கேக்கறேன், எங்க இருந்து பார்க்க ஆரம்பிக்கோணும்?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அய்யோ, மொதல்ல இருந்துதாங்ப்பா!" என்று கத்தியது.

நானும் அதையே எழுதி அனுப்பினேன்.