யாருக்குத் தாய்?

தென்காசியில் பேறுகாலம் பார்த்துவந்த கத்தோலிக்கப் பெண் மிக்கேலம்மாளுக்கு, பக்கத்து வீட்டு உலகம்மாளின் கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் வரும். "ஆதியில்லாத சாமிக்கு மாதா எப்படிக்கா ஆத்தா ஆவா?" 1954-இல், குற்றாலச் சாரல் தென்காசிவரை அடித்த ஒரு காலையில், உலகம்மாளின் ஐந்தாவது பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் அதே கேள்வி.

மிக்கேலம்மாள் பொறுமையிழந்தாள். "ஏட்டி, இவன் உசிரு நீ கொடுத்ததா?"

"சாமி கொடுத்தது."

"அப்ப நீ இவன் உடம்புக்கு மட்டுந்தான் ஆத்தாளா?"

"அதெப்படி? முழுப் பிள்ளைக்கும் நாந்தான் ஆத்தா!"

"அதத்தான் நானும் சொல்லுதேன். மாதா பெத்த சேசு, மனுசனாப் பொறந்த சாமி. பெத்தவ அவருக்கு ஆத்தா. சாமியை அவ உண்டாக்கினான்னு நாங்க சொல்லலியே."

உலகம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "சரிக்கா. அவளுக்குப் பேறுகாலம் பாத்தது யாரு?"

முப்பது வருஷமாகப் பேறுகாலம் பார்ப்பவளுக்கு அது தோன்றியதே இல்லை. எரிச்சல் தீராமலே மாதா கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் கேட்டாள்.