உப்புத் தண்ணீர்ப் பானையில் எழுதியிருந்தது

இதை எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் கேட்கலாம். கேட்பதும் நியாயம்தான். எட்டாவது தேறி, ஆசிரியப் பயிற்சி முடித்து, தொடக்கப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். பாடக் குறிப்பைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. நாலு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன மாதம் ஒரு விழாவுக்குப் போய்வந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரகடத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில்தான் நான் முதலில் வேலை பார்த்தேன். அந்தப் பள்ளியின் பழைய தலைமை ஆசிரியருக்கு ஊரார் பாராட்டு விழா எடுத்தார்கள். மாலை, பொன்னாடை, ஒலிபெருக்கி. இந்த ஊருக்குப் படிப்பைக் கொண்டுவந்தவர் என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வணக்கம் என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டேன். அது கூச்சத்தால் மட்டும் இல்லை. மேடையில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

எங்கள் பள்ளி ஓடு போட்ட ஒரு நீளக் கூடம், முன்னால் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். ஆசிரியர்கள் இருவர். அந்தத் தலைமை ஆசிரியரைப் பிள்ளைகள் பெரிய சார் என்பார்கள், என்னை டீச்சர். மூன்றாம் வகுப்பு என் பொறுப்பு. அங்கே பிள்ளைகள் வாசித்த அழகைச் சொல்லவேண்டும். புத்தகத்தைப் பிரித்து, விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு, வேறு வரியைப் பாட்டாகப் பாடுவார்கள். புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாலும் பாட்டு நிற்காது. பெரிய சார் இதைத்தான் படிப்பு என்று நம்பினார். சத்தம் தெருவரைக்கும் கேட்டால் பள்ளி நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

அந்த வகுப்பில் ஒரு பெண். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சுப் போல எழுதுவாள். நீயாக ஒரு வரி எழுது என்றால் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். மூன்றாம் வகுப்பிலேயே அவளுக்கு அது மூன்றாவது வருஷம். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் பள்ளியைப் பார்க்க வருவார். அவர் எதிரில் சொந்தமாக இரண்டு வரி எழுதாத பிள்ளைக்குத் தேர்ச்சி இல்லை என்பது பெரிய சார் வைத்த சட்டம். இரண்டு தடவையும் அந்தப் பெண் எழுதவில்லை.

அவள் அப்பா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். பிறர் நிலத்தில் வேர்க்கடலை பயிர் வைக்கிறவர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"நான் கொற சொல்லல டீச்சர். ஒரே கிளாஸ்ல குந்திக்கினு கீது. ஆட்ட யாரு ஓட்டறது, கைப்புள்ளய யாரு பாக்கறது? இந்த வாட்டி பாஸ் போட்டா படிக்கட்டும். இல்லன்னா வாணாம்."

நான் தலையாட்டினேன். எழுத வைத்துவிடுகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன். எனக்கே அது ஆச்சரியம்தான்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஒரு சின்னச் சோதனை காட்டியிருந்தார்கள். ஒரு கோழி முட்டையை நல்ல தண்ணீரில் போட்டால் மூழ்கும். தண்ணீரில் உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டே போனால் அதே முட்டை மேலே வரும். செலவு அதிகம் இல்லை. கல்லுப்பு வாங்கிவந்தேன். நல்ல தண்ணீருக்கு ஒன்று, உப்புத் தண்ணீருக்கு ஒன்று என்று குயவர் வீட்டில் இரண்டு வாயகன்ற பானைகள் வாங்கினேன். முட்டையும் ஒரு வீட்டில் வாங்கியதுதான்.

முதல் நாளே ரகளை. முட்டை மேலே வந்ததும் வகுப்பு முழுக்க ஒரே குரலில், "கூமுட்ட டீச்சர், கூமுட்ட." அந்தப் பக்கத்தில் முட்டை வாங்கும்போது தண்ணீரில் போட்டுத்தான் பார்ப்பார்கள். மூழ்கினால் நல்லது, மிதந்தால் கெட்டது. இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். உப்புதான் தூக்குகிறது என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. டீச்சரை முட்டைக்காரம்மா ஏமாற்றிவிட்டார் என்று என்மேல் இரக்கப்பட்டார்கள். முன் வரிசையில் இருந்தவன் அந்த அம்மா எந்தத் தெரு என்று விசாரித்து, போய்ச் சண்டை போடட்டுமா என்று கேட்டான். வேறு வழியில்லாமல் முட்டையை ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றி எல்லோர் மூக்குக்கும் நேராகக் காட்டினேன். மஞ்சள் கரு கலங்காமல் உருண்டையாக நின்றது. நாற்றம் இல்லை. உடனே எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

அப்போதுதான் சொன்னேன்: கத்தாதீர்கள், கத்தினால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நினைத்ததை எழுதிக் காட்டுங்கள், நான் உரக்கப் படிக்கிறேன். சண்டையில் ஜெயிக்கவேண்டும் என்ற வெறியில் எழுதினார்கள். "முட்ட மெதந்துச்சி", "இவன் சொன்னது பொய்யி" என்று பேச்சில் வருகிற மாதிரியே எழுதினார்கள். நான் அடித்துத் திருத்தவில்லை. எழுதியதை மற்றவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்க எழுத்துக் கூட்டிப் படித்தான். அத்தனை நாள் பாடிய பாட்டில் வராத வாசிப்பு அது. பெரிய சார் ஒரு சிலேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், இதுக்குப் பேரு தமிழா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். இன்று நினைத்தால் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அந்தப் பெண் மட்டும் எழுதவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பானைகள் தாழ்வாரத்திலேயே இருந்தன. இடுப்பில் தூக்கிவரும் தம்பியை அவள் தாழ்வாரத்தில்தான் விட்டிருப்பாள். ஒருநாள் அது தவழ்ந்து போய் உப்புத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்து, இருமி, வாந்தி எடுத்து, ஊரைக் கூட்டியது. அவள் அதன் வாயைக் கழுவிவிட்டு வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் என் மேசையில் இருந்த சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கறுப்புப் பானையின் வயிற்றில் எழுதினாள்: இது உப்புத் தண்ணீர். குடிக்காதே.

பார்த்து எழுத எங்கும் இல்லாத வரி. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. நான் பாராட்டிப் பேசவில்லை. பேசினால் மறுபடி சிலேட்டை அணைத்துக்கொள்வாளோ என்று பயம். அடுத்த இடைவேளையில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடிவந்து அந்தப் பானையில் கையை விடப் போனவன், நின்று, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பக்கத்துப் பானைக்குப் போய்க் குடித்தான். அவள் கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் முதல் அவள் சிலேட்டில் பலப்பம் நிற்கவில்லை. உப்பு போட்டால் நல்ல முட்டையும் மிதக்கும் என்று எழுதினாள். தம்பி வாந்தி எடுத்தான் என்று எழுதினாள். எங்கள் வூட்டுக் கோழி அடையில் இருக்கிறது என்று எழுதினாள். இன்ஸ்பெக்டர் வரட்டும் என்று நான் இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் சாப்பாடு. அது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் தவறாமல் நடந்தது. அரிசி ஒரு வீடு, கோழி ஒரு வீடு, முட்டை பிள்ளைகள். ஆளுக்கு ஒரு முட்டை கொண்டுவராவிட்டால் உள்ளே வராதே என்று பெரிய சார் முதல் நாளே சொல்லி அனுப்பிவிடுவார். தங்கள் வீட்டில் ஒரு முட்டையைப் பொரித்துத் தின்றறியாத பிள்ளைகள் அதைப் பாவாடையிலும் சட்டைப் பையிலும் பொத்திப் பொத்திக் கொண்டுவருவார்கள். அந்தப் பெண்ணும் கொண்டுவந்தாள்.

அன்று காலை நான் உள்ளே கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே அடி விழும் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் பெரிய சார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார், கையில் பிரம்பு. வந்த முட்டைகளையெல்லாம் நல்லதா கெட்டதா என்று பார்க்கப் பானையில் போட்டிருக்கிறார். உப்புத் தண்ணீர்ப் பானையில். அத்தனையும் மிதந்துகொண்டிருந்தது.

"ஊரே சேர்ந்துக்கினு கூமுட்டய குடுத்து அனுப்பிக்கீறானுங்க. ஆபீசருக்கு இத போட்டுக் குடுத்து என் வேலைக்கு உல வெக்கப் பாக்கறானுங்க."

அந்தப் பெண் வரிசையில் இருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். பானையின் வயிற்றைக் காட்டினாள்.

"எழுதிக் கீது சார்."

அவர் பானையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். கன்னத்தில் ஒரு அறை விட்டார்.

நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கும்படி சொன்னேன். "சார், அது உப்புத் தண்ணி. அவ எழுதினதுதான். படிச்சுப் பாருங்க."

"டீச்சர், நீங்க உள்ள போங்க. ஆபீசர் வர்ற நேரம்."

முட்டைகளை வேலி ஓரம் கொட்டச் சொன்னார். கொட்டினார்கள். உடைந்ததில் ஒன்றுகூட நாறவில்லை. மஞ்சளும் வெள்ளையுமாக மண்ணில் கிடந்ததை நாய் நக்கியது. அவரும் வந்து பார்த்தார். பார்த்த பிறகு குனிந்து பானையில் எழுதியிருந்ததையும் படித்தார். அவர் உதடு அசைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பையனைக் கூப்பிட்டு இரண்டு பானைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கவிழ்க்கச் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். உனக்குத்தான் எல்லாம் தெரிகிறதே, ஏரிக்கு அந்தப் பக்கம் போய் வீடு வீடாகக் கேட்டு வேறு முட்டை கொண்டுவா என்று அனுப்பினார்.

நான் போகிறேன் என்றேன். டீச்சர் இல்லாமல் வகுப்பு எப்படி என்றார். வேறு யாரையாவது அனுப்புங்கள், இன்றைக்கு அவள் எழுதவேண்டும் என்றேன். வந்துவிடுவாள் என்றார். ஏரியைச் சுற்றிக்கொண்டு போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவர் அந்த ஊர்க்காரர்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். மூன்றாம் வகுப்பைத்தான் முதலில் பார்த்தார். பிள்ளைகள் எழுதினார்கள். சிலேட்டுகளை அவர் படித்தாரா, புரட்டினாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் வெளியே போயிருக்கிறாள், வந்ததும் ஒருமுறை பாருங்கள் ஐயா என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அதிகாரியிடம் நானாகப் பேசினேன். பெரிய சார் முந்திக்கொண்டு, அந்தப் பெண் அடிக்கடி நின்றுவிடும், வீட்டில் அனுப்புவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் பாவாடையில் முட்டைகளோடு வந்தபோது இலை போட்டாகிவிட்டது. வெயிலில் முகம் கன்றிப் போயிருந்தது. அவள் கையிலிருந்தே முட்டைகளை வாங்கிக்கொண்டு போய்ப் பொரித்து இலையில் வைத்தார்கள். சிலேட்டைக் கையில் கொடுத்து, ஏதாவது எழுது என்றேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதினாள்: நான் முட்டை வாங்கப் போனேன். அதனால் பரீட்சை எழுதவில்லை.

கை கழுவ வெளியே வந்த இன்ஸ்பெக்டரிடம் சிலேட்டை நீட்டினேன். படித்தார். படிக்கத்தான் செய்தார், அதில் சந்தேகம் இல்லை. "கையெழுத்து நல்லா இருக்கே," என்றார். திரும்பி, வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டார். பெரிய சார் தட்டை நீட்டினார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். அம்மா உள்ளிருந்து வந்து நின்றாள். இது அநியாயம், நாம் போய்க் கேட்போம், நானும் வருகிறேன் என்றேன். இனாமாகக் கொடுத்த முட்டைக்கும் வாங்கிய அறைக்கும் கேட்கப் போனால் நாளைக்கு அந்த ஊரில் கடலை போட நிலம் யார் கொடுப்பார்கள் என்று அவர் கேட்டார்.

"பாஸா இல்லியா, அத சொல்லு டீச்சர்," என்றார்.

இல்லை என்றேன்.

மறுநாள் காலையில் அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டை ஓட்டிப் போனாள். பள்ளி வழக்கம்போலத் திறந்தது. மூன்றாம் வகுப்புக்கு நான் கழித்தல் கணக்கு நடத்தினேன்.