வெயிலை நம்பாத கோட்டைச்சாமி

கோட்டைச்சாமிக்குப் பத்து விரல்களும் பத்திரமாக இருந்தன. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஆயுசில் பாதியை மருந்து கலக்கியே கழித்த ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை. எப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"எதையும் நம்பல. அம்புட்டுதான்."

சலித்த மருந்தையும் நம்பமாட்டார், ஒரு மணல் துணுக்கு ஒளிந்திருக்கலாம். பக்கத்தில் வந்து நிற்கிறவர் செருப்பில் ஆணி இருக்கிறதா, கொண்டையில் ஊசி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார், முகம் அப்புறம்தான். மேகம் இருட்டினால் கலவையை நிறுத்திவிடுவார், போர்மேன் தொண்டை கிழியக் கத்தினாலும் சரி. எல்லாவற்றையும்விட அவர் நம்பாதது உச்சிவெயிலைத்தான். வெயில் ஏறுவதற்குள் கலவை முடிந்திருக்க வேண்டும். காயப்போட்ட சரக்கை எடுத்துவிட வேண்டும், எடுக்க முடியாவிட்டால் சாக்கைப் போட்டு மூடிவிட வேண்டும். சூரியன் தலைக்கு மேலே வந்துவிட்டால் அந்த நேரம் மனுசனுக்குச் சொந்தமில்லை என்பது அவர் கணக்கு.

கண் மங்கியதும் மகன் அன்பரசன் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். அவன் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தான். அப்பா வேலையை விட்ட அதே தை மாதம் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. சூலக்கரையிலிருந்து மாரிசெல்வி மருமகளாக வந்தாள். அவளும் பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகிறவள். காலையில் மகன் அச்சகத்துக்குக் கிளம்பி, மருமகளைக் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போனால், ஆமத்தூர்க் கடைசியில் இருக்கிற அந்த வீட்டில் பொழுது சாய்கிற வரை கோட்டைச்சாமி தனிதான்.

அந்த வீட்டில் கரண்டு வருவதற்கு முன்பே சோலார் இருந்தது. ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தார் மாடியில் பேனல் ஒன்றை நட்டு, வீட்டு மூலையில் பேட்டரி வைத்து, இரண்டு விளக்கு மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு கரண்டு வந்தது. கரண்டு வந்தால் மின்வெட்டும் வருமல்லவா? இரண்டாயிரத்து எட்டில் அது சாயங்காலங்களையே தின்றுவிட்டது. தெருவெல்லாம் இருளில் கிடக்கையில் கோட்டைச்சாமி வீட்டில் மட்டும் வெள்ளையாக ஒரு விளக்கு எரியும். அவருக்கு அதில் உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

வேலையை விட்ட புதிதில், ஒரு நாள் மத்தியானம் மாடிக்கு ஏறியவர் பேனலைத் தொட்டுப் பார்த்தார். கை பொரிந்துவிட்டது. கறுத்த பலகை, கொதிக்கிற சூடு, அதன் அடியிலிருந்து கிளம்பி, சுவர் ஓட்டை வழியாக, வீட்டுக்குள் அமிலம் நிரம்பிய பெட்டிக்குப் போகிற கம்பி. அவர் கண்ணுக்கு அது கம்பியாகத் தெரியவில்லை, திரியாகத் தெரிந்தது. இத்தனை நாளும் தான் இல்லாத நேரத்தில் இந்த வீடு தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வெயில் ஏறினால் ஏணியில் ஏறிப் பேனலைச் சாக்கால் மூடுவார். வெயில் தாழ்ந்ததும் எடுத்து மடித்துவிடுவார். யாரிடமும் மறைக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சரக்கை மூடினேன் என்று எந்தத் தொழிலாளி ஊரைக் கூட்டிச் சொல்கிறான்?

கொஞ்ச நாளில் விளக்கு மங்க ஆரம்பித்தது. பிறகு சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டது. எப்போதிலிருந்து என்று யோசித்தார். மாரிசெல்வி வந்ததிலிருந்து. அவளிடம் ஒரு செல்போன் இருந்தது. காருக்குப் போடுகிற சார்ஜர் ஒன்றை அன்பரசன் வாங்கிவந்து பேட்டரியில் மாட்டிக் கொடுத்திருந்தான். போன் குடிக்கிறது என்று முதலில் நினைத்தார். பிறகு, ஒரு போன் இவ்வளவு குடிக்குமா, தெருவுக்கே ஊற்றுகிறாளோ என்று நினைத்தார். நினைப்பு அவரிடம் ஒரு முறை நுழைந்தால் வெளியே போகிற வழியை மறந்துவிடும்.

விருதுநகரில் சோலார் கடை வைத்திருக்கிற செழியனை அன்பரசன் வரவழைத்தான். செழியன் காலையிலேயே பைக்கில் வந்து இறங்கினான். ஏணியில் காலை வைக்கப் போனவனைக் கோட்டைச்சாமி நிறுத்தினார்.

"தம்பி, செருப்பைக் கழட்டு. ஆணி இருக்கும். செல்லு, தீப்பெட்டி எது இருந்தாலும் இங்கன வச்சிட்டு ஏறு."

"சோலாருக்கு எதுக்குய்யா இதெல்லாம்? அங்கன என்ன அணுகுண்டா இருக்கு?"

"அணுகுண்டு நான் செஞ்சதில்ல. அதவிடச் சின்னது செஞ்சிருக்கேன். வச்சிட்டு ஏறு."

அவன் பின்னாலேயே அவரும் ஏறி, அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். செழியன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"பேனல் பழசு, ஆனா தங்கம். இத மாத்த வேண்டாம். கூட ஒண்ணு போட்டுக்கிடலாம். பேட்டரிதான் போச்சு. பட்டினி கெடந்தே செத்திருக்குய்யா."

வியாபாரி ஒருவன் பழைய சாமான் நல்லது, மாற்றாதே என்கிறான். இதைவிடச் சந்தேகமான பேச்சை அவர் கேட்டதில்லை. அவன் போனதும் மறுபடி ஏறி, யாரும் பேனலை மாற்றிவிடாதபடி அதன் முதுகில் கரியால் ஒரு அடையாளம் போட்டார். பட்டினி என்ற சொல் வேறு குடைந்தது. ஒன்று பட்டினி கிடந்தால் அதன் சோற்றை வேறு யாரோ தின்றிருக்கிறார்கள்.

புதுப் பேட்டரி வந்தது, இரண்டாவது பேனல் வந்தது, சார்ஜைக் காட்டுகிற பெட்டி ஒன்றும் சுவரில் ஏறியது. பச்சை எரிந்தால் நிறைவு, சிவப்பு எரிந்தால் காலி. கோட்டைச்சாமி இரண்டாவது பேனலுக்கும் தனியாக ஒரு சாக்கு தேடி எடுத்தார்.

ஒரு வாரம் வீடு வெளிச்சமாக இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் சிவப்பு எரிந்தது. பக்கத்து வீட்டு சோலைச்சாமி வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மாரிசெல்வி அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"புது பேட்டரி. ரெண்டு பேனலு. இன்னும் செவப்பு எரியுது" என்றார் கோட்டைச்சாமி, யாரையும் பார்க்காமல். "இந்த வீட்டுல ஒரு கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"எந்தக் கை மாமா? பேரைச் சொல்லுங்க."

"எதுத்த வீட்டுப் பொன்மணி செல்லு எந்த வீட்டுல சார்ஜ் ஏறுது?"

"ரெண்டு தடவ. அவ புருசன் கேரளாவுக்கு லோடு ஏத்திட்டுப் போனவன், சேதியே இல்லன்னு அழுதா. ரெண்டே தடவ."

"ரெண்டுன்னு சொன்னா இருபது இருக்கும்."

"மச்சான், செல்லு என்ன யானையா, அம்புட்டையும் உறிஞ்ச?" என்றார் சோலைச்சாமி.

"திருட்டுக் கை எம்புட்டு எடுக்கும்னு ஒனக்குத் தெரியுமாலே?"

அந்தச் சொல் விழுந்ததும் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மாரிசெல்வி அடுப்பை அணைத்தாள், குழம்பை மூடினாள். மறுநாள் காலை கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் பையோடு அம்மா வீட்டுக்கு, விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அன்பரசன் சத்தம் போடவில்லை. "நான் கூப்பிடப் போகமாட்டேன். அனுப்புனது நீங்க, கூட்டிட்டு வர்றதும் நீங்கதான். அவ வரலன்னா நானும் அங்கன போயிருவேன்" என்றான். அதற்கப்புறம் அப்பாவோடு பேச்சில்லை.

அவள் போயும் சிவப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது வீட்டில் சந்தேகப்பட ஆளில்லை. ஆகவே சந்தேகம் விருதுநகர் வரை போனது. பேட்டரிக்கு மேல் கூடு மட்டும் புதுசு, உள்ளே பழசு. அந்தப் பயல் ஏமாற்றிவிட்டான். சோலைச்சாமியின் போனிலிருந்து கூப்பிட்டுக் கத்தினார். செழியன் சாயங்காலம் வருவதாகச் சொன்னான். ஆனால் புதுப்பட்டிப் பக்கம் ஒரு வேலை சீக்கிரம் முடிய, மத்தியானமே வந்துவிட்டான்.

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கோட்டைச்சாமிக்கு மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. பேனல் திருடன் என்றுதான் நினைத்தார். கம்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினால், சூட்டில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தபடி செழியன் நின்றான். கைக்கொரு சாக்கு.

"அய்யா, இது யாரு வேலை?"

"மூடுடா அத! பத்திக்கிடும்!"

"எது பத்திக்கிடும்?"

"உச்சிவெயிலு தம்பி. மூடாம விட்டா என்னத்துக்கு ஆகும்?"

செழியனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அய்யா, இது திங்குறதே இந்த வெயிலத்தான். சோத்து நேரத்துல வாயப் பொத்திட்டு, உடம்பு ஏன் எளச்சிருக்குன்னு வைத்தியனக் கூப்பிடுறீகளே!"

"காலையில வெயில் அடிக்கலையா? அத தின்னட்டும்."

"அது காப்பித்தண்ணி. இதுதான் சோறு. எம்புட்டு நாளா மூடுறீக?"

"வேலைய விட்டதுலருந்து."

கீழே சுவர் நிழலில் நின்ற சோலைச்சாமி அண்ணாந்து பார்த்தார். "ஏ மச்சான், நீரு தெனமும் சாக்கக் காயப்போடுறீருன்னுல்ல நெனச்சேன்!"

"காஞ்ச சாக்க எதுக்குவே காயப்போடணும்?"

"அதான் எனக்கும் வெளங்கல. கேட்டா, ஏன் கேக்கன்னு என்னையச் சந்தேகப்படுவீரு. எனக்கு எதுக்கு வம்பு?"

கோட்டைச்சாமி ஏணியைப் பிடித்தபடி நின்றார். அந்தத் தை மாதத்தில் வீட்டுக்குள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருத்தி மருமகள். இன்னொருவர், பகலில் வீட்டில் இருந்தே பழக்கமில்லாத அவர். எண்ணுகிறபோது அவர் தன்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார்.

சாக்கை எடுத்த பிறகு சில நாளில் பச்சை நிலைத்தது. அவர் சூலக்கரைக்குப் பஸ் ஏறினார்.

மாரிசெல்வியின் அம்மா வெள்ளைத்தாய், "வாங்கண்ணே" என்றாள், வாசலை விட்டு நகராமல். மகளை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். மாரிசெல்வி நிலையில் சாய்ந்து நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு அனுப்புனா மாமா?"

"யாரும் அனுப்பல. அவன்தான் என்கூடப் பேசுறதே இல்லையே. இப்ப பச்சை எரியுதுத்தா."

"நான் அங்கன இல்லாததுனால எரியுதோ?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் இடத்தில் அவர் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். சாக்கு விஷயத்தைச் சொன்னார். வெள்ளைத்தாய் தண்ணீர் கொண்டுவரவில்லை.

"தப்பு என் பேருலதான். ஒன் கை சுத்தம்" என்று முடித்தார்.

"நீங்க சொன்னா நான் நம்பிரணுமா மாமா? நான் சொன்னப்ப நீங்க நம்புனீகளா?" என்றாள். "வருவேன். எப்பன்னு சொல்லமாட்டேன். உச்சி நேரத்துல வருவேன். சாக்கு கெடந்துச்சுன்னா தெருவோட திரும்பிருவேன்."

திரும்புகிற பஸ்ஸில் அவருக்குக் கோபம் வரவில்லை. ஆய்வுக்கு வருகிற அதிகாரி தேதி சொல்லிவிட்டா வருகிறான்? இவளை மருந்தறையில் விட்டிருந்தால் அறை பத்திரமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு வந்த மத்தியானங்கள் அவரை வாட்டிவிட்டன. ஏணி அடியில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே இரண்டு கறுப்புப் பலகைகள் அம்மணமாக வெந்துகொண்டிருந்தன. ஒரு நாள் பொறுக்காமல் சாக்கோடு பாதி ஏணி ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, இறங்கிவிட்டார்.

அவள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். பையை வாசலில் போட்டாள், வீட்டுக்குள் போகவில்லை, அவரிடம் பேசவும் இல்லை. நேரே ஏணியில் ஏறினாள். பேனல் மேல் உள்ளங்கையை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தே! இந்தச் சூடு சுடுதே!"

அவள் கண் பேனலுக்கு அடியில் போனது, அங்கிருந்து கம்பியோடு நகர்ந்து சுவர் ஓட்டையில் போய் நின்றது. அவளும் பட்டாசுக் கம்பெனிக்காரிதான். குரல் மாறிவிட்டது.

"மாமா... இது வெடிக்காதுல்ல?"

ஆலையில் எத்தனையோ பேர் எத்தனையோ சரக்கைக் காட்டி இதைக் கேட்டிருக்கிறார்கள். தள்ளிப் போ என்பதைத் தவிர வேறு பதில் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. இப்போதும் அதுதான் நாக்கு நுனியில் நின்றது.

"வெடிக்காது."

"நெசமா?"

"வெடிக்காதுத்தா. நான் சொல்றேன்ல."

சொல்லிவிட்டு, அவள் பார்க்காதபோது, மணல் வாளியைக் காலால் மெல்ல ஏணிப் பக்கம் தள்ளி வைத்தார்.