ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

என் மகளின் முதல் கசெட்டில் எட்டு உருப்படிகள் இருக்கின்றன. ஏழு போதும் என்று நான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாட்டு என்று சொல்லாமல் உருப்படி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த பக்கத்து லயத்து வரிசைவீட்டு அக்கா, ஒரு பெரிய கசெட் செட்டோடு வெளிநாட்டுக் கசெட் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒருவன் மேள அடிக்கு மேலே சண்டை பிடிப்பதுபோல் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனான். இதுதான் ராப் என்றாள் அக்கா. என் மகள் ஒரு கிழமை முழுக்க அதைக் கேட்டுவிட்டு, "இத தப்பு மேளத்துல பேசலாம்மா. நம்மகிட்ட இல்லாத அடியா?" என்றாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட டீச்சர். அங்கே விடியற்காலையில் தப்படித்துத்தான் ஆட்களை எழுப்புவார்கள். அந்த அடி கேட்டதும் எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தத் தப்புக்காரரையே மகள் பிடித்துக்கொண்டாள். ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேலே, சுவரெல்லாம் சாக்கு அடித்த அறையில் ஒலிப்பதிவு நடந்தது. முதல் உருப்படியை அவள் பேசி முடித்ததும், பதிவுசெய்கிறவர், "சரி தங்கச்சி, பாட்ட எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் நாங்கள் இருவரும் மழையில் தேயிலைச் செடிகளுக்கு அடியில் கிடந்தோம். அவள் அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ரோட்டில் ஆட்கள் போகிற சத்தம் அடங்கும்வரை அவள் வாயை என் கையால் பொத்தியிருந்தேன். எப்போது எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. எடுத்தேனா என்றே சில நாள் சந்தேகம் வரும்.

எட்டாவது உருப்படிக்குப் பேர் 'பெரட்டு'. ஆளெழுப்பும் அடியைத் தப்புக்காரர் அப்படியே அடிக்க, மகள் கணக்கப்பிள்ளை போலப் பேர் கூப்பிடுவாள். ஆட்களின் பேரை அல்ல.

"பீலித் தண்ணி?"

"வரல."

"கூரத் தகரம்?"

"வரல."

"பிரஜாவுரிமக் கடுதாசி?"

"வரல."

கேள்வியும் அவள்தான், பதிலும் அவள்தான்.

கசெட் வெளிவருமுன் எடுத்த முதல் பிரதியை அக்கா வாங்கிப் போனாள். பெருமை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செட்டை வாசலில் வைத்து, தனக்குப் பிடித்த எட்டாவதை முழுச் சத்தத்தில் திருப்பித் திருப்பிப் போட்டாள். கொழுந்து மிதமிஞ்சி வருகிற காலம் அது. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் சில நேரம் கூப்பிடுவார்கள். அதனால் தப்புச் சத்தம் கேட்டதும் மேல் லயமும் கீழ் லயமும் எழுந்துவிட்டன. இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் களத்தில் வந்து நின்றார்கள். கணக்கப்பிள்ளையைக் காணோம். என் மகளின் குரல் மட்டும் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

முதலில் திட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமையும் டீச்சரம்மா மகள் தூங்க விடமாட்டாளா என்று ஒருத்தி கேட்டது என் வீடுவரை கேட்டது. பிறகு யாரோ சிரித்தார்கள். மூன்றாவது பேருக்குக் களமே சேர்ந்து "வரல" என்றது. சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணக்கப்பிள்ளை ஓடிவந்தபோது, "ஐயா பிந்திட்டீங்க. இன்னிக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போங்க" என்று எவளோ சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை என்னைத் தோட்ட ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மலை வேலைகளுக்கெல்லாம் பொறுப்பான கண்டாக்கையா கதிரை போட்டு உட்காரவைத்தார். அந்த மரியாதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. அந்த ஒண்ண மட்டும் எடுத்துரச் சொல்லுங்க. குவாட்டர்ஸ் தோட்டத்தோடதுன்னு ஒங்களுக்குத் தெரியாததில்ல."

எனக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். குடியிருக்கும் வீடு தோட்டத்துடையது. சரிங்க ஐயா என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை ஒலிப்பதிவுக்கு அவளோடு போகும்போது, ஹட்டன் பஸ்ஸில் வைத்து மகளிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துணிக்கடைக்குப் பின்னால் தப்புக்காரர் கடதாசி கொளுத்தி, தோல் இறுகத் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். இனிமேல் பெரட்டுக்கு மணி அடித்தால் போதும், தப்பு வேண்டாம் என்று அவருக்கும் சொல்லியாகிவிட்டது. அதை அவர் சொல்லவில்லை, எனக்கு முன்பே தெரியும். பதில் சொல்ல ஆளில்லாமல் கடைசி உருப்படி மொட்டையாக இருக்கிறது என்று பாப்பா, என் மகள்தான், அவரிடம் சொன்னதாம். திருப்பி எடுப்பார்கள் என்று வந்தாராம்.

"வேணாம்னா போயிடுறேன் டீச்சரம்மா" என்றார். தப்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவதை நிறுத்தவில்லை.

வேலை போன மனிதர் தப்போடு வந்து நிற்கிறார். எதையும் இழக்காத நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன். கோபம் வந்தது. பாதி என்மேல்தான்.

மேலே போனதும் பதிவுசெய்கிறவர், எட்டாவதை அழித்துவிடவா என்று கேட்டார். கண்டாக்கையாவின் சொல் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"அழிக்க வேணாம். திருப்பி எடுங்க. பதில் நான் சொல்றேன்."

முதல் "வரல" அடிக்குப் பிந்தி வந்தது. மறுபடி எடுத்தோம். நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் எங்கிருந்தோ வந்தது. தப்புக்காரரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் பதிவுசெய்கிறவரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பேர்கள் முடிந்தன. தப்பு நிற்கவில்லை. அப்போது, கடதாசியில் எழுதாத ஒரு பேரை மகள் கூப்பிட்டாள்.

"டீச்சரம்மா?"

"வந்துட்டேன்."

அதற்குப் பிறகு கேட்கிற சிரிப்பு அவளுடையது. பதிவுசெய்கிறவர் வெட்டச் சொன்னார், நான் விடவில்லை.

அந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது மஸ்கெலியாவில் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். வாசலில் ஜீப் நின்றால் இன்றைக்கும் எழுந்து கதவைச் சாத்துகிறேன். எட்டும் சேர்ந்த கசெட் வந்ததும் ஒரு பிரதியைக் கண்டாக்கையாவுக்கு நானே தபாலில் அனுப்பினேன். கொடுத்த வாக்கை மீறினால் அதை அவருக்குச் சொல்லிவிட வேண்டும் அல்லவா. உறையின் பின்னால் என் பேரையும் புது விலாசத்தையும் முழுதாக எழுதினேன். கரும்பலகையில் எழுதுவதுபோல் நிதானமாக. எழுத்து நன்றாகத்தான் வந்தது.