சீசாவில் சிவப்புத் திரைக்குப் பின்னால் இருந்த கதவு

முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே படமாகப் போட்டிருக்கும் பக்கம் என் கையெழுத்து. வரிகள் ஏறி இறங்குகின்றன. இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. பங்குக்கோவிலில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் போன வருடம்தான் தமிழும் இத்தாலியமும் எழுதப் பழகினேன். அறுபத்தொன்பது வயதில் விரல்கள் சொல்வழி கேட்பதில்லை. ஆகவே மகள் கீழே தட்டச்சு செய்து போடுகிறாள்.

போன சனிக்கிழமை, நான் இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து நகரத்துக்குள் உள்ள சீசா என்ற இடத்துக்குப் போனேன். காரணம் ஒரு கவலை. மன்னாரிலிருந்து வந்த நாங்கள் ஆகஸ்டில் மாதாவின் சுருவத்தை, அதாவது சிலையை, மரக்கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து ஊர்வலம் போவோம். அந்தக் கூட்டைச் சீசாவில், அலுமாரி, கட்டில் செய்து மூடிப்போன தளபாடத் தொழிற்சாலையின் கொட்டகை ஒன்றில் பல வருடமாக வைத்திருக்கிறோம். இப்போது தொழிற்சாலையைத் திருத்திக் கலைக்கூடம் ஆக்குகிறார்கள். எங்கள் கொட்டகையின் இடிந்து அகலமாய்க் கிடந்த வாசலைச் சுருக்கிப் புதுக்கதவு போட்டுவிட்டார்கள், கூடு இனி வெளியே வராது என்று கூட்டாளி சூசை போனில் சொன்னான். அது ஒரே சட்டமாகப் பொருத்திய கூடு. வெளியே எடுக்க அறுக்கத்தான் வேண்டும்.

தூரம் ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். டிக்கெட் ஒரு யூரோ நாற்பது சதம். ஏறுமுன் சிகரெட் கடையில் வாங்கிவிடுங்கள். இடையில் ஒரு தடவை பஸ் மாற வேண்டும். எட்டரைக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குச் சற்று முன் சேர்ந்தேன்.

"நோன்னோ, இடம் வந்ததும் கூப்பிடுகிறேன்," என்று பஸ் சாரதி தாத்தா முறை வைத்துச் சொன்னான்.

"வேண்டாம், பெயர்ப்பலகையை நானே வாசிப்பேன்," என்றேன். முன்பெல்லாம் ஒரு மஞ்சள் சுவரை அடையாளம் வைத்து இறங்குவேன்.

தொழிற்சாலைக்குள் மரத்தூள் குவிந்திருந்த இடங்களில் இப்போது பெரிய கண்ணாடி ஜன்னல்கள். ஒரு கொட்டகையில் ஓவியங்கள், இன்னொன்றில் பிள்ளைகள் நடனம் பழகினார்கள். உள்ளே போகக் காசில்லை. கோப்பிக் கடையும் உண்டு.

சூசை எங்கள் கொட்டகையின் புதுக்கதவின் முன் கைகளை விரிக்கப் பார்த்தான். இரண்டு பக்கமும் இடித்தது.

"பாருங்கோ அண்ணை. விரிச்ச கையளவு, ஒரு பாகம்கூட இல்லை."

"சரிச்சு எடுக்கேலாதோ?"

"மாதாவின்ரை கூட்டைக் கட்டில் மாதிரிச் சரிக்கிறதோ? சாமியார் என்னைச் சரிச்சுப் போடுவார்."

கூட்டுக்குப் பின்னால் நாங்கள் கட்டிய சிவப்புத் திரை தூசு பிடித்துக் கிடந்தது. சுருவத்துக்குப் பின்னால் வெறும் தகரம் தெரியக்கூடாது என்பது எங்கள் பழக்கம். முதல் வருடம் கட்டியதை யாரும் அவிழ்த்ததில்லை. செய்வதறியாமல் ஓரத்தைத் தூக்கித் தட்டினேன். தகரத்தில் மங்கிய பெரிய எழுத்துகள். ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். வெளியே போகும் வழி என்று இத்தாலியத்தில் எழுதியிருந்தது.

"சூசை, இது சுவர் இல்லை. கதவு."

"உங்களுக்கு இப்ப கண்டதையெல்லாம் வாசிக்கிற வருத்தம் பிடிச்சிட்டுது," என்றபடி வந்து திரையை முழுதாக இழுத்தான். கீழே தண்டவாளம், மேலே கதவை உருட்டும் சில்லுகள்.

காவலாளி சால்வோ எண்ணெய்க் குப்பியோடு வந்தார். "தொழிற்சாலை நடந்த நாளில் அலுமாரிகளை இந்தக் கதவு வழியாகத்தான் வண்டியில் ஏற்றினார்கள். உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்? திரை உங்கள் வழிபாடு, தொடக்கூடாது என்று விட்டுவிட்டேன். உங்கள் மடோன்னா அலுமாரியைவிட மெலிவு, பயப்படாதீர்கள்."

மூவரும் தள்ளினோம். கதவு முனகி, நின்று, பிறகு ஒரேயடியாக ஓடியது. கூட்டின் மேல் வெயில் விழுந்தது. சூசை நீளம் அகலம் எல்லாம் கையால் அளந்துவிட்டுத் தரையில் குந்திவிட்டான்.

"அண்ணை, இதை ஒருத்தரோடையும் கதைக்காதையுங்கோ. மாதா போற வழியை நாங்களே அடைச்சு வைச்சிருந்தம் எண்டு சனம் சிரிக்கும்."

"ஓம், கதைக்கமாட்டன்," என்றேன்.

கதைக்கவில்லை, எழுதியிருக்கிறேன். சூசை இன்னும் வகுப்புக்கு வரவில்லை, வாசிக்கமாட்டான்.

திருத்தியவர்கள் அந்தத் துருப்பிடித்த கதவைக் கழற்றி எறியாமல் விட்டதை நினைத்தால் இப்போதும் மூச்சு லேசாகிறது. பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். முற்றத்தில் நிழல் குறைவு. எங்கள் கொட்டகையில் இப்போது திரை இல்லை, எழுத்துகள் நன்றாகத் தெரியும்.

வரும் ஞாயிறு கூடு அந்தக் கதவால் இறங்குகிறது. கூட்டைச் சுமக்கும் முன்தண்டு என் தோளில். இதை எழுதிய கை நோவு ஆறியதும், அடுத்த கிழமையே, அது எப்படி இறங்கியது என்று இதைவிட நேரான வரியில் எழுதுவேன்.