போலோஞாவில் கடல் இல்லை

2009 கோடை விடுமுறைக்கு இத்தாலிக் கரையோரமாக ரயிலில் போவதென்று நான்தான் முடிவெடுத்தேன். நோர்பரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, ஜெனோவாவில் தொடங்கி நாப்போலி வரை இறங்கித் தங்க வேண்டிய ஊர்களைப் பென்சிலால் வட்டமிட்டேன். எங்கே தங்கினாலும் யன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். பிள்ளைகள் இருவரும் கேட்டது அது ஒன்றைத்தான்.

மறுநாள் வேலையால் வந்து பார்த்தால், என் கணவர் அந்த வட்டங்களை அழித்துவிட்டு நீலப் பேனையால் வேறு மூன்று ஊர்களுக்கு வட்டம் போட்டிருந்தார். மூன்றும் கரையைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தொலைபேசி எண்.

“போலோஞாவிலை சித்தப்பான்ரை மகன் இருக்கிறான். வாறம் எண்டு சொல்லிப்போட்டன். சொந்தக்காரர் இருக்கேக்கை ஹோட்டலிலை தங்கினால் என்ன நினைப்பினம்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனமுறை பாரிஸுக்குப் போய், அவருடைய மச்சாள் வீட்டுக் குசினியில் ஐந்து நாளும் வெங்காயம் உரித்தவள் நான். ஈபிள் கோபுரத்தை ஓடுகிற காரில் இருந்துதான் பார்த்தேன்.

“அங்கை கடல் இல்லை” என்றேன்.

“கடலை பிறைட்டனிலையும் பாக்கலாம்தானே?”

“உங்கடை சொந்தக்காரரை நோர்பரியிலையே பாக்கலாம். பஸ் ஸ்டொப்புக்கு ஒராள் நிக்குது.”

அதோடு ஒரு கிழமை பேச்சில்லை. இத்தாலியும் இல்லை.

ஓகஸ்டில் பிறைட்டனுக்குப் போனோம். அவருடைய அண்ணை குடும்பமும் கூடவே வந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பதினொரு பேருக்குப் புளிச்சாதம் போட்டேன்.