பெயிண்டர் வீட்டுக் கதவு

பெயிண்டருக்குத் தெருவில் வைத்த பெயர் 'கேட்டுச்சொல்றேன்'. சட்டை எடுக்கக்கூட மச்சானைக் கேட்பார். சாயம் போனால் பழியையும் மச்சான் தலையில் போட்டுவிடுவார். சௌகரியமான ஏற்பாடு.

மச்சான் வெளியூர் போன வாரம், வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய பெயிண்டையெல்லாம் கலந்து, யாரையும் கேட்காமல் தன் வீட்டு வாசல் கதவுக்கு அடித்தார். காய்ந்ததும் கதவு வதங்கிய கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"யாரு சொல்லி இதை அடிச்சீங்க?" என்றாள் மனைவி.

பழக்கதோஷத்தில் மச்சானைத் தேடித் திரும்பினார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"நானேதான்," என்றார். உப்புத்தாளை எடுத்துச் சுரண்ட உட்கார்ந்தார்.

"அடுத்த கலருக்காவது எங்க அண்ணனைக் கேக்கட்டுமா?"

"வேணாம். அவரு சொன்னா நல்லாத்தான் வரும். ஆனா கதவு அவருதாயிடும்."